நீர்முள்ளி நிற்கும் கோடு

ஏரி எங்கே முடிகிறது என்று கேட்டால் வருவாய்த் துறை சர்வே எண்ணைக் காட்டும். நீர்ப்பாசனத் துறை முழு நீர்மட்டக் கோட்டைக் காட்டும். மனை விற்பவர் தான் நட்ட வேலிக்கல்லைக் காட்டுவார். மூன்றும் ஒத்துப்போவது அரிது. நான்காவது சாட்சி ஒன்று ஏரிக்கரையிலேயே நிற்கிறது. அதை யாரும் விசாரிப்பதில்லை. நீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, எப்போது வடிந்தது என்பதையெல்லாம் அது தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. அந்தச் சாட்சி நீர்முள்ளி.

தமிழ்நாட்டில் நாட்டு மருந்துக்கடைக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த பெயர்தான். நீர்க்கடுப்புக்குச் சித்த மருத்துவர்கள் தரும் நீர்முள்ளிக் குடிநீர் இந்தச் செடியிலிருந்து வருகிறது. தெலுங்கில் நீருகொப்பி என்பார்கள். தக்காணம் முழுக்க ஏரி, குளம், வாய்க்கால் ஓரங்களில் வளரும் மண்ணின் செடி. மருந்தாக அறிந்த அளவுக்கு நிலத்தின் சாட்சியாக நாம் அதை அறியவில்லை. ஏரி எல்லைக்காக நீதிமன்றப் படி ஏறுவது வழக்கமாகிவிட்ட ஊரில் இந்த அறியாமைக்கு விலை உண்டு. ஹைதராபாத்தின் மேற்கு விளிம்பிலுள்ள கச்சிபௌலி அப்படி ஓர் ஊர்.

பாறையும் நீரும்

கச்சிபௌலி என்றதும் கண்ணாடிக் கட்டடங்களும் மேம்பாலங்களும்தான் நினைவுக்கு வரும். அவற்றுக்கு அடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டு வயதுடைய கிரானைட் பாறை. அதன்மேல் செம்மணல் மண் மெல்லிய போர்வையாகத்தான் கிடக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கொட்டிவிடும். பாறை நீரைக் குடிக்காது. சரிவில் வழியவிட்டுப் பள்ளத்தில் தேக்கும். அந்தப் பள்ளங்களுக்குக் கரை கட்டி உண்டாக்கியவையே இப்பகுதியின் செருவுகளும் குண்டாக்களும். ஒன்று நிறைந்தால் உபரி நீர் அலுகு வழியே அடுத்ததற்கு இறங்கும். நம் ஊரில் கலங்கல் என்பதைத்தான் அங்கே அலுகு என்கிறார்கள். கோல்கொண்டாக் கோட்டைக்கு நீர் தந்த துர்கம் செருவு இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தொடங்கப்பட்ட ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இங்கே ஏறத்தாழ 2,300 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. பாறைக் குன்றுகள், புதர்க்காடு, எருமை ஏரி, மயில் ஏரி என்று மாணவர்கள் அழைக்கும் நீர்நிலைகள் எல்லாம் சேர்ந்த நிலம் அது. அதை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியின் சர்வே எண் 25இல் உள்ள 400 ஏக்கரை 2003இல் அன்றைய ஆந்திர அரசு ஒரு விளையாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2006இல் ரத்து செய்தது. நீண்ட வழக்குக்குப் பின் 2024இல் நிலம் மாநில அரசின் கைக்கு வந்தது. 2025 மார்ச் 30 அன்று மண்வாரி இயந்திரங்கள் உள்ளே இறங்கின. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து வேலையை நிறுத்தியது. அதற்குள் ஏறத்தாழ 100 ஏக்கரில் மரங்கள் அழிக்கப்பட்டிருந்தன.

அந்த நிலம் காடா இல்லையா என்பது நாடறிந்த விவாதமாயிற்று. ஏரிகள் அந்த 400 ஏக்கருக்குள் வருகின்றனவா, வெளியே இருக்கின்றனவா என்ற விவாதமும் கூடவே நடந்தது. அது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மரத்தை எண்ணலாம், மானைப் படம் எடுக்கலாம். நான்கு மாதம் நீராகவும் எட்டு மாதம் மண்ணாகவும் இருக்கிற விளிம்பை எப்படிக் காட்டுவது? அங்கேதான் செடியை அடையாளம் காணும் கலை ஊர்க்காரியமாகிறது.

நான்கு ஊதாப் பூக்கள்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வட்டார ஏரிக்கரை எதிலாவது இறங்கினால் கண்ணுக்கு முதலில் படுவது ஊதா நிறம். இயற்கை செழித்திருக்கிறது என்று மனம் மகிழும். அவசரப்பட வேண்டாம். அந்த ஊதாவில் பெரும்பகுதி இந்த மண்ணுடையது அல்ல.

நீரின்மேல் பச்சைப் பாயாக மிதந்து, கதிராக இளம் ஊதாப் பூ வைத்திருப்பது ஆகாயத்தாமரை. அமேசான் படுகையிலிருந்து வந்தது. காம்பு பலூன் போல் உப்பியிருக்கும். மேலிதழின் நடுவே மஞ்சள் புள்ளி உண்டு. கரையோரம் ஆள் உயரப் புதராக நின்று, புனல் வடிவில் வெளிர் ஊதாப் பூ பூப்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில் நெய்வேலி இருந்தாலும் பிறப்பு வெப்பமண்டல அமெரிக்கா. ஒடித்தால் பால் வரும். இலை இதய வடிவில் நீண்டிருக்கும். நடைபாதை ஓரத்திலும் சாக்கடை விளிம்பிலும் முழங்கால் உயரத்தில் காலையில் விரிந்து பிற்பகலில் உதிரும் ஊதாப் பூ பட்டாசுக்காய்ச் செடியினுடையது. காய்ந்த காயை நீரில் போட்டுச் சிறுவர்கள் வெடிக்கவிடுவார்களே, அதுதான். அதுவும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்ததே.

நான்காவதாக, நீருக்கும் மண்ணுக்கும் நடுவில், கிளைக்காத தண்டு நிமிர்ந்து, கணுவுக்குக் கணு ஊதாப் பூக்கொத்து சூடி நிற்பது நீர்முள்ளி. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, வெப்பமண்டல ஆப்பிரிக்கா ஆகியவை இதன் பிறப்பிடங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது நான்கும் ஒரே நிறக் கலவையாகத் தெரியும். அருகே போனால்தான் மண்ணின் மைந்தன் யார் என்று புலப்படும்.

கணுவைப் பார்

கைபேசியில் படம் எடுத்து இணையத்தில் பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் பூவை மட்டும், அதுவும் நேர் முகமாக எடுக்கிறார்கள். நீர்முள்ளிக் குடும்பத்தில் அது போதாது. இந்தக் குடும்பத்தில் பல செடிகளின் பூ ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். நீர்முள்ளியின் கையெழுத்து அதன் கணுவில் இருக்கிறது.

தண்டை இரு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். உருளாது, நான்கு பட்டையாக இருப்பது விரலுக்கே தெரியும். தண்டின்மேல், குறிப்பாகக் கணுவுக்குக் கீழே, சொரசொரப்பான மயிர் இருக்கும். கணு சற்றே தடித்திருக்கும். அதைச் சுற்றி ஆறு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். வெளிப்புற இரண்டும் நீளமானவை, ஒரு சாணை எட்டக்கூடியவை. உட்புற நான்கும் சிறியவை. ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் நேரான, மஞ்சள் நிற முள் ஒன்று, சுமார் 4 செ.மீ. வரை நீண்டிருக்கும். ஆக, கணுவுக்கு ஆறு முள். அந்த முள்வட்டத்துக்குள்ளே பூக்கள் இரண்டிரண்டாக நான்கு இணை. எல்லாம் ஒரே நாளில் விரியாது. அதனால் ஒரு கணுவில் பூவும் மொட்டும் வாடிய இதழும் சேர்ந்தே இருக்கும்.

பூ ஏறத்தாழ 3 செ.மீ. நீளம், இரண்டு உதடு. மேலுதடு இரண்டாகப் பிளந்தது, கீழுதடு மூன்றாக. கீழுதட்டில் நீளவாக்கில் மடிப்புகள் ஓடும். தேனீ கால் ஊன்றி உள்ளே நுழைவது அங்கேதான். மகரந்தத் தாள் நான்கு; இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. காய் 8 மி.மீ. அளவில் ஒடுங்கி நீண்டது. உள்ளே நான்கு முதல் எட்டு விதைகள். ஒவ்வொரு விதையையும் ஒரு சிறு கொக்கி தாங்கியிருக்கும். காய் முற்றிப் பிளக்கும்போது அந்தக் கொக்கி விதையை எட்ட வீசும். பட்டாசுக்காயும் இந்தக் குடும்பம்தான், அதற்கும் இதே பொறிதான்.

விதையை வைத்து ஒரு சோதனையும் செய்யலாம். நாட்டு மருந்துக்கடையில் நீர்முள்ளி விதை வாங்கி, நான்கைந்தை உள்ளங்கையில் வைத்து ஒரு துளி நீர் விடுங்கள். விதையின் மேல் படிந்திருந்த நுண்மயிர்கள் நீரைக் குடித்து எழும்பி, விதையைச் சுற்றி வழவழப்பான கூழ் படரும். பிறகு கையை உதறினாலும் விதை விழாது. ஏரிச் சேற்றில் நடக்கும் எருமையின் குளம்பிலும், கொக்கின் காலிலும் இதே பசைதான் விதையை ஒட்டவைக்கிறது. ஈரம் காய்ந்ததும் மண்ணோடு அதை இறுக்கிப் பிடிப்பதும் இதுவே. நீர் ஏறி இறங்கும் இடத்தில் வாழப் பிறந்த செடி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

குழப்பம் தரக்கூடிய உறவினர்கள் மூவர். செம்முள்ளிக்கும் முள் உண்டு, ஆனால் பூ மஞ்சள் கலந்த செம்மை. வறண்ட மேட்டில் வளரும். கடற்கரைக் கழிமுகத்தில் நீல ஊதாப் பூ பூக்கும் கழிமுள்ளிக்கு இலை விளிம்பிலேயே முள். பூவுக்கு ஒரே உதடு. உப்புநீர் இல்லாத கச்சிபௌலியில் அதற்கு வேலையில்லை. மூன்றாவது பட்டாசுக்காய்; அதற்கு முள்ளே கிடையாது. நிறத்தை நம்பாமல் கணு, முள், உதடு என்று மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் தவறுக்கு இடமில்லை.

பெயர் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. இதன் இன்றைய அறிவியல் பெயர் ஹைக்ரோஃபிலா ஆரிகுலேட்டா. 1962இல் ஹைனே நிலைப்படுத்தியது. பழைய மருத்துவ நூல்களில் ஆஸ்டராகாந்தா லாங்கிஃபோலியா என்றும், ஹைக்ரோஃபிலா ஸ்பைனோசா என்றும் காணலாம். மூன்றும் ஒரே செடி. ரீடே தொகுத்து 1678 முதல் 1693 வரை வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலிலேயே வயல்சுள்ளி என்ற மலையாளப் பெயருடன் இதன் படம் இருக்கிறது. தென்னிந்தியத் தாவரவியலாளர்கள் இன்றும் கையில் எடுக்கும் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் நிஜாமின் ஆட்சிப் பகுதியைத் தொடவில்லை. கச்சிபௌலி அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. தெலங்கானாவின் தாவரங்களுக்கென்று தனி நூல் வந்தது மாநிலம் பிறந்த பின்தான்.

கோட்டின் இருபுறம்

செடியின் பெயர் தெரிந்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. அது எங்கே நிற்கிறது, யாரோடு நிற்கிறது என்பது மறுபாதி.

கெடாத ஓர் ஏரியின் உள்வாயில், நீரிலிருந்து மேட்டை நோக்கி நேராக நடப்பதாக வைத்துக்கொள்வோம். இடுப்பளவு நீரில் ஆம்பல் இலை விரித்துக் கிடக்கும். முழங்கால் நீரில் கொட்டி. கணுக்கால் நீரிலும் அதன் விளிம்பிலும் கோரையும் வள்ளைக்கீரையும் நீர்முள்ளியும். நீர் வடிந்து சேறு மினுக்கும் இடத்தில் பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி, ஆரைக்கீரை. சேறு காய்ந்து கெட்டிப்பட்ட இடத்தில் பொடுதலையும் கரிசலாங்கண்ணியும். அதற்கு மேல் தும்பையும் நெருஞ்சியும் தொடங்கிவிடும். சமையலறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நாம் பறித்துவந்த செடிகள்தாம் இவை. நீரில் எத்தனை காலம் நிற்க முடியும் என்ற ஒரே அளவுகோல் இவற்றை இப்படி வரிசைப்படுத்துகிறது.

இந்த வரிசையில் நீர்முள்ளியின் இடம் தனியானது. ஆண்டு முழுக்க நீர் நிற்கும் ஆழத்தில் அது வராது. நீரே நிற்காத மேட்டிலும் வராது. மழைக்காலத்தில் ஈரமேறிய விளிம்பில் முளைத்து, ஆழமில்லாத நீரில் கீழ்க்கணுக்களிலிருந்து வேர்விட்டு நிமிர்ந்து, நீர் வடியத் தொடங்கும்போது பூக்கும். ஆண்டுக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீர் நின்று வடியும் பட்டைதான் அதன் வீடு. மாடு கடிக்காமல் முள் காப்பதால், மேய்ச்சல் மிகுந்த கரையில் மற்றச் செடிகள் மொட்டையடிக்கப்பட்ட பின்னும் இது நிற்கும். கோடையில் செடி செத்துப்போனாலும் முள்ளோடு கூடிய காய்ந்த தண்டு அதே இடத்தில் விறைத்து நிற்கும். சித்திரை வெயிலில், ஏரி வறண்டு மைதானமாகக் கிடக்கும்போதுகூட, சென்ற மழைக்கு நீர் எதுவரை வந்தது என்று அந்தத் தண்டுகளின் வரிசையைப் பார்த்தே சொல்லலாம். ‘இங்கே ஏரியே இல்லை’ என்று ஒருவர் சொல்ல வசதியான பருவம் கோடைதான். அந்தப் பருவத்திலும் பேசும் சாட்சி இது.

இந்தப் பட்டையை நம்பி வேறு உயிர்களும் இருக்கின்றன. இறக்கையில் கண் வரைந்த மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடிகளில் நீர்முள்ளி முக்கியமானது. அதன் புழு இந்த இலையைத் தின்று வளரும். விளிம்பு போனால் பூ மட்டும் போவதில்லை.

சாட்சி பொய்க்கும் இடங்கள்

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். நீர்முள்ளி இருந்தால் ஏரி நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. எருமைச் சாணமும் உரமும் சேர்ந்த கொழுத்த சேற்றில் அது இன்னும் செழிக்கும். நெல்வயலில் களையாகவும் வரும். சாலையோரப் பள்ளத்தில் இரண்டு செடி முளைத்திருந்தால் அங்கே ஏரி இருந்தது என்று வாதாட முடியாது. தனிச்செடி வதந்தி; பட்டையாக, கூட்டாளிகளோடு, ஒரே மட்டத்தில் நிற்பதே வாக்குமூலம்.

மறுபக்கமும் உண்டு. நீர்முள்ளி இல்லாததால் நீர்நிலை இல்லை என்றும் ஆகாது. நகரத்து ஏரிகளில் அது மறைவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். முதலாவது சாக்கடை. மழைநீரை நம்பிய ஏரி ஆண்டுதோறும் ஏறி இறங்கும். கழிவுநீர் நாள்தோறும் வந்து விழும் ஏரி இறங்குவதே இல்லை. இறங்காத நீர், உரம் மிகுந்த நீர். அங்கே ஆகாயத்தாமரையும் சம்பும் ஆட்சியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, அழகுபடுத்தல். நடைபாதைக்காக ஏரியைச் சுற்றிலும் கரை எழுப்பிக் கல் பதிக்கும்போது, சாய்வாக இறங்கிய உள்வாய் செங்குத்துச் சுவராகிவிடுகிறது. ஆழமும் மேடும் மட்டும் மிஞ்சுகின்றன. நடுவில் இருந்த பட்டை காணாமல் போகிறது. நீர்ப்பரப்பு வரைபடத்தில் அப்படியே இருக்கும். ஏரி மட்டும் தொட்டியாகியிருக்கும்.

சட்டம் எதைப் பார்க்கிறது

அமெரிக்காவில் ஒரு நிலம் ஈரநிலமா என்று தீர்மானிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு 1987இல் ஒரு கையேடு வெளியிட்டது. மூன்று சான்றுகளை அது கேட்கிறது: நீரின் நடமாட்டம், நீர் தோய்ந்த மண்ணின் அடையாளம், நீர் விரும்பும் தாவரம். தாவரங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்த பட்டியல் உண்டு. ஏறக்குறைய எப்போதும் ஈரநிலத்திலேயே காணப்படுபவை ஒரு முனை, மேட்டுநில வாசிகள் மறுமுனை. ஈரநிலம் இருக்கக்கூடிய இடத்தில் வளாகம் கட்ட வருபவர் செடிகளையும் கணக்கெடுக்க வேண்டியிருக்கும். அங்கே செடியின் பெயர் சட்டச் சான்று.

இங்கே நிலைமை வேறு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பயன்பாட்டு மையம் 2011இல் வெளியிட்ட ஈரநில வரைபடம் 2,01,503 ஈரநிலங்களின் எல்லையை வரைந்தது. 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த 5,55,557 நீர்நிலைகள் வெறும் புள்ளிகளாக நின்றன. கச்சிபௌலியின் குண்டாக்களைப் போன்றவை புள்ளிக் கணக்கில் வருபவை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தற்காலிக நீர்நிலைகளையும் ஈரநிலம் என்றே வரையறுக்கின்றன. அதே வரியில், பாசனத்துக்கென்று கட்டப்பட்டவற்றை விலக்கிவிடுகின்றன. தக்காணத்தின் செருவுகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காகக் கட்டப்பட்டவை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கதை.

ஹைதராபாத்தில் நடைமுறைக் காவல் முழு நீர்மட்டக் கோடுதான். அந்தக் கோட்டிலிருந்து, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளுக்கு 30 மீட்டரும், அதற்குக் குறைந்தவற்றுக்கு 9 மீட்டரும் கட்டடம் கூடாது என்பது 2012ஆம் ஆண்டுக் கட்டட விதி. கோட்டுக்கு உள்ளே இருக்கும் சிகம் நிலத்தில், பட்டா உள்ளவர் நீர் வடிந்தபின் பயிரிடலாம், கட்டக் கூடாது. விதி நல்ல விதி. ஆனால் எல்லாம் அந்தக் கோடு எங்கே என்பதில் தொங்குகிறது. அலுகு தாழ்த்தப்பட்டால் கோடு உள்ளே சுருங்கும். வரத்துக் கால்வாய் அடைபட்டால் நீர் கோட்டை எட்டவே எட்டாது. பத்தாண்டு எட்டாமலிருந்தால், கோடே தவறு என்று வாதம் கிளம்பும். ஏரிகளையும் அரசு நிலங்களையும் மீட்கவென்று 2024 ஜூலையில் ஹைட்ரா என்ற தனி அமைப்பையே தெலங்கானா அரசு உருவாக்க வேண்டியிருந்தது. அதன் இடிப்பு நடவடிக்கைகள் ஒவ்வொன்றிலும் மறுபடியும் அதே கேள்விதான் எழுகிறது. தமிழ்நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆக்கிரமிப்பை அகற்றப் போகும் அதிகாரி முதலில் செய்வது அளந்து எல்லை காண்பதே.

செடியை எப்படிச் சான்றாக்குவது

நீர்முள்ளி அலுகையோ அளவைச் சங்கிலியையோ நீக்கிவிட முடியாது, நீக்கவும் வேண்டாம். முழு நீர்மட்டம் என்பது ஏரி எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. நீர்முள்ளிப் பட்டை என்பது ஏரி இப்போது உண்மையில் எதுவரை வருகிறது என்ற பதிவு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும். பட்டை கோட்டுக்கு வெகு உள்ளே நின்றால், வரத்து அடைபட்டிருக்கிறது அல்லது அலுகு உடைந்திருக்கிறது என்று தேட வேண்டும். பட்டை கோட்டுக்கு வெளியே நின்றால், கோடு தவறாக வரையப்பட்டிருக்கலாம் என்று கேட்க வேண்டும். வழக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கேள்விகள் எழுந்தால்தான் பயன்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பருவம் கார்த்திகை, மார்கழி. நீரிலிருந்து மேட்டுக்கு நேர்க்கோடாக நடந்து, சம இடைவெளியில் நின்று, அங்கங்கே உள்ள செடிகளைக் குறிப்பது. கணுவும் முள்ளும் தெரியப் படம் எடுப்பது. இடக்குறியீட்டைக் கைபேசியிலேயே பதிவது. அதே கோட்டில் கோடையில் ஒருமுறை நடந்து காய்ந்த தண்டுகளைச் சரிபார்ப்பது. பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் ‘நீர்முள்ளி – உண்டு’ என்று ஒரு வரி எழுதுவதால் ஏரிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எந்த ஏரியின் எந்தப் பக்கம், கரையிலிருந்து எத்தனை அடி, எந்த மாதம், கூட நின்ற செடிகள் எவை என்று எழுதினால் அது ஆவணமாகும். அப்படி ஐந்தாறு ஆண்டு தொடர்ந்த பதிவு, மழை பொய்த்த ஆண்டையும் வெள்ளம் வந்த ஆண்டையும் சேர்த்தே காட்டும். ஒற்றை நாள் அளவையால் அது முடியாது.

கச்சிபௌலியில் இதைச் செய்யக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தாவர அறிவியல் துறை இருக்கிறது. இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தக்காண மண்டல மையம் அதே நகரத்தில் இருக்கிறது. ஏரியைச் சுற்றி நாள்தோறும் நடக்கும் ஆயிரக்கணக்கான பேரிடம் கைபேசி இருக்கிறது. 2025இல் அந்த 400 ஏக்கருக்காகக் குரல் கொடுத்தவர்கள் மான், மயில் படங்களை முன்வைத்தார்கள். நாடு திரும்பிப் பார்த்தது. ஆனால் மான் இடம் பெயரும், மயில் பறந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் காட்டியே, அவை அங்கே வாழ்பவை அல்ல, வந்துபோனவை என்று வாதாட முடியும். வேரூன்றிய செடியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நீர் நின்ற மண்ணில் மட்டுமே அது வரும், வந்த இடத்திலேயே சாகும். நீர்நிலையின் எல்லையைக் கேட்கும் நீதிமன்றத்துக்கு அந்த நிலத்திலிருந்தே தரக்கூடிய வாக்குமூலம் இது. அதை எழுதி வைக்கும் பொறுப்பு செடியைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்களுடையது.